கடைமடைத் தோள்

போன மாசம் பெஞ்சில் நூறு கிலோ போட்டேன்.
நெஞ்சைத் தொட்டு ராடு மேலேறியபோது
சர்புதீன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்,
"நான் தொடவே இல்லை" என்று
கீழே உரக்கடைக்கும் கேட்கும்படி.
திருத்துறைப்பூண்டியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையடியில்,
அன்று சாயங்காலம் முழுக்க
எனக்கு ஒரு சாம்ராஜ்யம் இருந்தது.

தோளுக்கென்று தனியாக எதுவும் செய்ததில்லை.
கேட்டவர்களுக்கு ஒரு பதில் வைத்திருந்தேன்:
பெஞ்ச் போட்டாலே முன்தோள் எரிகிறது,
எரிகிற அடுப்பில் இன்னொரு விறகு எதற்கு?
சர்புதீனும் என் கட்சி.
பத்து வருஷமாக அவனுக்கு பெஞ்ச்,
அப்புறம் முதுகுக்கு இழுவை, அவ்வளவுதான்.
தோள் இரண்டும் உரித்த தேங்காய் மாதிரி உருண்டிருக்கும்.
அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆடி பிறந்த வாரம் அற்புதராணி வந்தாள்.
ஆயுதப்படையில் வேலை, நாலு நாள் விடுப்பு.
நின்றவாக்கில் நாற்பது கிலோவை
தலைக்கு மேல் ஏற்றினாள், ஐந்து தடவை.
ஆறாவதிலும் முகம் கோணவில்லை.
ராடை வைத்துவிட்டு "அண்ணே, நீங்க?" என்றாள்.
கேலி இல்லை.
அடுத்த முறை என்னுடையது, அவ்வளவுதான்.

நாற்பதுதானே.
மோவாய் தாண்டியது. மூக்கு தாண்டியது.
நெற்றிக்கு நேரே நின்றுவிட்டது,
தாலுகா ஆபீசில் மனு நிற்பதுபோல.
பின்னால் வளைந்தேன். நின்றபடியே
அதையும் பெஞ்ச் ஆக்கிவிட முடியுமா என்று பார்த்தேன்.
சர்புதீன் கூரையில் பல்லி தேடினான்.

நான் பார்க்கும் வேலையைச் சொல்லவில்லையே.
லஸ்கர். முள்ளியாற்றில் ஒரு ரெகுலேட்டர்.
ஷட்டர் ஏற்றுவது, இறக்குவது,
அளவுகோல் பார்த்து நோட்டில் எழுதுவது.
அன்று ராத்திரி தொண்டியக்காட்டிலிருந்து போன்.
வைரக்கண்ணு.
"தண்ணி இன்னும் வரலீங்க."
"மேல தெறந்தாச்சு, வந்துரும்."
மூன்று வாரமாக நான் சொல்லும் அதே வாக்கியம்.
அவர் கோபப்படுவதில்லை, அதுதான் சங்கடம்.
"தெறந்தது தெரியும் தம்பி.
நடுவுல எத்தன வாய் இருக்கு?"

போனை வைத்துவிட்டுக் கையை உயர்த்திப் பார்த்தேன்.
நெஞ்சு, தலைமடை. முதல் தண்ணீர் அதற்கு.
முன்தோள் அதையொட்டிய வாய்க்கால்,
அதற்கும் பஞ்சமில்லை.
பக்கத்தோளில் கொஞ்சம் ஈரம் கசியும்.
பின்தோளுக்கு எட்டும்போது
வாய்க்காலில் வெறும் நண்டு வளை.
ஆறு நிறைய ஓடினால்
எல்லா வயலுக்கும் போய்விடும் என்று
அணையில் நிற்பவன்தான் சொல்வான்.

அப்படியானால் சர்புதீன் தோள்?
ரொம்ப நேரம் அதில் மாட்டிக்கொண்டேன்.
பிறகு தோன்றியது: அந்த முதுகு இழுவையில்
பின்தோளுக்கு அவன் தனியாக போர் போட்டிருக்கிறான்,
அவனுக்கே தெரியாமல்.
கொஞ்சம் அவன் அப்பா கொடுத்த எலும்பாகவும் இருக்கலாம்.
எல்லா நிலத்துக்கும் ஒரே மண் இல்லை.

வியாழக்கிழமை வெறும் ராடு எடுத்தேன். இருபது கிலோ.
பன்னிரண்டாவதில் கை நடுங்கியது.
அப்புறம் ஐந்து கிலோ டம்பெல், பக்கவாட்டில்.
அப்புறம் குனிந்து பின்பக்கமாக விரித்தேன்,
சேற்றில் கால் மாட்டிய நாரைபோல.
கண்ணாடியைப் பார்க்கவில்லை.
முன்தோளுக்கு மட்டும் தனியாக எதுவும் வைக்கவில்லை;
பாய்ந்த வயலில் மறுபடி பாய்ச்சினால் வேர் அழுகும்.
வாரத்தில் இரண்டு நாள் முறை.

பெஞ்ச் தொண்ணூற்றைந்துக்கு இறங்கியது.
சர்புதீன் சிரித்தான், சிரிக்கட்டும்.
திரும்ப நூறு வந்தது. அதற்கு மேல் இன்னும் இல்லை,
பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.
தலைக்கு மேல் முப்பத்தைந்து ஏறுகிறது.
நாற்பது இன்னும் நெற்றியில்தான்.

ஆவணியில் ஒரு விடியல், நானே போன் செய்தேன்.
"வந்துச்சா?"
"கால் நனையுது."
"எவ்வளவு?"
"நனையுது தம்பி, அளக்கற அளவுக்கு இல்ல."
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
ஷட்டர் சக்கரத்தைப் பிடித்து இன்னும் அரைச் சுற்று விட்டேன்.
தோளின் பின்பக்கம் வலித்தது.
நேற்றைய வலி.
அங்கே ஒருவர் குடியிருப்பதை
முதல் தடவையாகச் சொல்லும் வலி.